தட்டச்சுப் பயிற்சி, பாகம் இரண்டு

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

நான் நல்லா இருக்கேன். உன் முட்டி வலி குறைஞ்சுதா? மாமாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கு? எனக்கு வேலை மூச்சு முட்டுது. லிஃப்ட் ரிப்பேர்காரன்னு பேருதான், நான் போற கட்டடத்துல எதுலயும் லிஃப்ட் ஓடாது பாரு, அதனால நாள் பூரா படியேறறேன். போன்ல பேசினா நீ கத்துவே, நான் பட்டுன்னு வச்சிடுவேன். போன மாசம் நடந்தது போதும். அதான் எழுதறேன்.

அப்பா போயிட்டதால, மார்ச் கடைசிக்குள்ள அவர் இருந்த வாடகை வீட்டைக் காலி பண்ணணும்னு வீட்டுக்காரர் சொன்னாராமே. அவரோட கிராமபோன் ரெக்கார்டு விஷயத்துல நமக்குள்ள தகராறே வேண்டாம். மேல் அடுக்குல இருக்கற நல்லதெல்லாம் உனக்குத்தான். பெரிய பெரிய வாத்தியக் கோஷ்டி, கெட்டி அட்டைக் கவர், எல்லாத்தையும் எடுத்துக்கோ. உங்க ஊர்ல மாசாமாசம் ரெக்கார்டு சந்தை நடக்குதே, அங்க வித்துக்கோ. பதினோரு வருஷம் அப்பாவைப் பார்த்துக்கிட்டது நீ.

எனக்குக் கீழ் அடுக்குல இருக்கற குப்பை போதும். தட்டச்சுப் பயிற்சி, நீச்சல் பாடம், பறவைச் சத்தம், ரயில் சத்தம், காப்பீட்டு ஏஜெண்டுகளுக்கு எவனோ பேசின பேச்சு, இந்த மாதிரி. எல்லாம் சின்ன வயசு ஞாபகத்துக்குத்தான். இருபத்திமூணு ரெக்கார்டோட பேரையும் தனித்தாள்ல எழுதி வச்சிருக்கேன். ஒண்ணும் விட்டுப்போகாம அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கோ.

உன் தம்பி


ஜனவரி 24

அடேய் தம்பி,

கடுதாசி வந்துச்சு. சண்டைக்குன்னு இடுப்பைக் கட்டிக்கிட்டுதான் பிரிச்சேன். படிச்சு முடிச்சதும் அப்படியே உக்காந்துட்டேன். மாமாகிட்ட காட்டினேன். "உன் தம்பிதான் எழுதினானா, இல்ல யாராவது மிரட்டி எழுத வச்சாங்களா"ன்னு கேட்கறார். அவருக்குச் சர்க்கரை அடங்கிடுச்சு, வாய்தான் அடங்கலை. என் முட்டியை விடு, அது என்னோடவே போகும். நீ வேளைக்குச் சாப்பிடறியா?

நேத்து மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு லீவு போட்டுட்டு அப்பா வீட்டுக்குப் போனேன். மேல இருபத்திமூணு, கீழ இருபத்திமூணு. சரிபாதி. ஆனா பாதியா அது? மேல் அடுக்கு ஒவ்வொண்ணும் தங்கம் மாதிரி மின்னுது. நீ குப்பையைக் கேட்டு வாங்கிக்கறே. எனக்கு அழுகையே வந்துடுச்சு, போ.

மூணு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுதான் எடுத்தேன். கவரோட ஓரத்தைப் பிடிச்சுத் தூக்கி, கவரோட அப்படியே பெட்டியில நிறுத்தினேன். உள்ளே இருக்கற ரெக்கார்டைத் தொடவே இல்லை. "உன் கை எண்ணெய்க் கை, இனிமே ரெக்கார்டைத் தொடாதே"ன்னு பதினெட்டு வயசுல அப்பா சொன்னது இன்னும் காதுல நிக்குது. அம்மா போனதுல இருந்து அடுப்பு என் கையில, எண்ணெய் இல்லாம எப்படி இருக்கும்? நீங்க ரெண்டு பேரும் ரூம்ல உக்காந்து கேட்டதை நான் சமையல்கட்டுல நின்னு கேட்டேன். எல்லாப் பாட்டும் தெரியும், எது எந்த ரெக்கார்டுன்னு மட்டும் தெரியாது.

மார்ச் முதல் ஞாயிறு சந்தையில ஒரு மேஜைக்குச் சொல்லிட்டேன்.

பாசத்தோட
அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

நலமா? நான் நலம். அவசரமா எழுதறேன். சந்தைக்கு முன்னாடியே என் பெட்டியை அனுப்பிடு. கவரைத் திறக்காதே, உள்ளே பூஞ்சை இருக்கும், உனக்குத் தும்மல் வரும். போட்டும் பார்க்காதே, ஊசி கெட்டுடும். படுக்க வைக்காம நிறுத்தி வை. மாமாவைக் கேட்டதாச் சொல்லு.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

நாங்க சுகம். நீ சுகமா இருக்கணும். குப்பைக்கு இவ்வளவு பத்திரமான்னு மாமா சிரிக்கறார். பன்னிரண்டை முதல் பெட்டியில கட்டி அனுப்பிட்டேன். கெட்டி அட்டை தீர்ந்துபோச்சு, மீதி பதினொண்ணு சந்தை முடிஞ்சதும் வரும். பறந்துடாது.

ஊருக்கெல்லாம் கண்ணு டெஸ்ட் பண்ணி அனுப்பறவ, ஒரு மேஜை போட்டு எதையும் வித்ததில்லை. புதுசா ஒரு புடவை எடுத்து வச்சிருக்கேன். சிரிக்காதே.

அக்கா


மார்ச் 3

தம்பிக்கு,

நலம் விசாரிக்கற நிலைமையில நான் இல்லை. நடந்ததை அப்படியே எழுதறேன், முழுசாப் படி.

சந்தை ஒரு பூப்பந்துக் கூடத்துல நடக்குது. தரையில கோடு போட்டிருக்குமே, அந்தக் கோட்டு மேல வரிசையா மேஜை. எனக்குக் கதவு பக்கத்துல நல்ல இடம். வர்றவங்க எல்லாம் ஒரே மாதிரிதான். ரெண்டு விரலால தள்ளித் தள்ளிப் பார்க்கறாங்க, பிடிச்சது வந்தா மூச்சை நிறுத்திக்கறாங்க, பிடிக்காத மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு விலை கேட்கறாங்க. கடையில கண்ணாடி ஃப்ரேம் வாங்க வர்றவங்களும் இதேதான் பண்ணுவாங்க, அதனால எனக்குச் சிரிப்பு. ஒரு அம்மா உள்ளே கூடப் பார்க்காம ரெண்டு எடுத்துக்கிட்டுப் போனாங்க. நான் ராணி மாதிரி உக்காந்திருந்தேன்.

அப்புறம் தொப்பி போட்ட ஒரு ஆள் வந்தார். ரொம்ப வருஷமா அங்க மேஜை போடற வியாபாரியாம். இருக்கறதுலயே அழகான கவரை எடுத்தார், அந்த நீலக் கவர், அப்பா கண்ணாடிக்குள்ள நிறுத்தி வச்சிருப்பாரே, அதை. நான் பெருமையா, "பார்த்து எடுங்க சார், எங்கப்பா உயிரா வச்சிருந்தது"ன்னேன். அவர் ரெக்கார்டை உருவி விளக்குக்கு நேராச் சாய்ச்சுப் பார்த்தார். நடுவுல இருந்த லேபிளைப் படிச்சார். சத்தமாப் படிச்சார்டா. "தட்டச்சுப் பயிற்சி, பாகம் இரண்டு."

சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. ஏதோ மாறியிருக்கும்னு நானும் சிரிச்சேன். அவர் அடுத்ததை உருவினார். நீச்சல் பாடம். அடுத்தது பறவைச் சத்தம். அதுக்கப்புறம் அவர் சிரிக்கலை. கூட்டம் சேர்ந்துடுச்சு, ஆளாளுக்கு ஒண்ணு உருவறாங்க, ஒவ்வொண்ணும் குப்பை. அந்த அம்மா திரும்ப ஓடி வந்து ரெண்டையும் மேஜை மேல தூக்கி எறிஞ்சாங்க. "வயசான பொம்பளை, பார்க்க லட்சணமா இருக்காளேன்னு நம்பினேன், ஏமாத்துக்காரி"ன்னு சொன்னாங்க. புதுப் புடவையைக் கட்டிக்கிட்டு நான் நின்னு கேட்டேன். சந்தையை நடத்தறவர் வந்து மேஜையைக் காலி பண்ணச் சொன்னார். நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து உன் ரெண்டாவது பெட்டியைப் பிரிச்சேன். தட்டச்சுப் பயிற்சி கவருக்குள்ள கையை விட்டேன். அந்த நீலக் கவரோட ரெக்கார்டு உள்ளே இருக்கு. பதினொண்ணும் அப்படித்தான். ஒரு பூஞ்சையும் இல்லை, கண்ணாடி மாதிரி இருக்கு.

உனக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு வார்த்தையில பதில் எழுது.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்கா,

நலம், நலமே வேண்டறேன். பதில் தாமதமாயிடுச்சு, தப்பா நினைக்காதே. இங்க ஒரு பதினாலு மாடிக் கட்டடத்துல மோட்டார் புகைஞ்சுபோச்சு. எனக்கும் சளி. மாமா நடைப்பயிற்சி போறாரா?

சந்தையில நடந்ததைப் படிச்சு ரொம்ப வருத்தப்பட்டேன். ஜனங்களுக்கு மரியாதையே இல்லாமப் போச்சு. கவர் மாத்தி வச்சது அப்பாவோட வேலை. நம்ம சித்தப்பா வந்தா நல்ல ரெக்கார்டாப் பார்த்து இரவல் கேட்பாரே, திரும்பியே வராதே, அவர் கண்ணுல படக் கூடாதுன்னு நல்லதைக் குப்பைக் கவர்லயும் குப்பையை நல்ல கவர்லயும் போட்டு வச்சார். எனக்கும் எப்பவோ சொன்ன மாதிரி ஞாபகம். மறந்தே போயிட்டேன்.

போனது போகட்டும். முதல் பெட்டி பத்திரமா வந்துச்சு. ரெண்டாவதையும் அனுப்பிட்டா நல்லது. ரெண்டு இடத்துல இருந்தா யாருக்கும் பிரயோஜனம் இல்லையே.

உன் தம்பி


ஏப்ரல் 7

டேய்,

எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ரெண்டாவது பெட்டியைக் கேட்கறே? மோட்டார் புகைஞ்சுதாம், சளியாம். நான் ஒரு வார்த்தை கேட்டேன், நீ ஒரு பக்கம் பூசி மெழுகியிருக்கே.

மறந்துட்டியா? இருபத்திமூணு பேரையும் வரிசையா, ஒண்ணு தப்பாம, தனித்தாள்ல எழுதி அனுப்பினவன் மறந்துட்டானாம். யாருக்குக் காது குத்தறே? திறக்காதே, தும்மல் வரும்னு சொன்னவன் நீ. உன் பெருந்தன்மையை நினைச்சு நான் அழுதேனே, அந்த அழுகையைத் திருப்பிக் கொடுடா முதல்ல. கண்ணு டெஸ்ட் பண்றவளுக்கே கண்ணு தெரியலை பாரு.

சித்தப்பா கதைக்கு வா. நீ பத்தாவது படிக்கறப்பவே சித்தப்பா செத்துட்டார். அதுக்கப்புறம் வாங்கினதை எல்லாம் அப்பா யாருக்குப் பயந்து மாத்தி வச்சார்? ஆறு வருஷம் முன்னாடி இதே சந்தைக்கு நான்தான் அவரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனேன். நல்ல ரெக்கார்டு ஒண்ணு வாங்கினார். கூடவே நீச்சல் பாடம் ஒண்ணும் தேடிப் பிடிச்சு வாங்கினார். "இந்த வயசுல நீச்சலாப்பா? ரெக்கார்டைக் கேட்டு எவன் நீந்தினான்?"னு கேட்டேன். அவரும் சிரிச்சார். அந்த நல்ல ரெக்கார்டு இப்ப நீச்சல் பாடம் கவருக்குள்ள இருக்கு. ஒளிச்சு வைக்கறதுக்குன்னே குப்பை வாங்கியிருக்கார். நானும் அந்தப் பையைச் சுமந்துக்கிட்டு வந்திருக்கேன்.

அப்ப அந்த வீட்டுக்குப் போய் வந்துக்கிட்டிருந்தது மாமாவும் நானும்தான். மாமாவுக்குப் பாட்டுன்னாலே தூக்கம் வரும். அப்ப யாருடா திருடி? சொல்லு.

அக்கா


ஏப்ரல் 21

அக்காவுக்கு,

சௌக்கியம். நீ இவ்வளவு வார்த்தை விட்டப்புறம் நானும் ஏன் மறைக்கணும்? ஆமா, தெரியும். ஆமா, உனக்காகத்தான் மாத்தி வச்சார். உனக்குப் பதினெட்டு வயசு இருக்கும்போது அந்த மஞ்சள் லேபிள் வயலின் ரெக்கார்டை நீ உன் சிநேகிதி யாருக்கோ கொடுத்துட்டேன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. அம்மாவுக்குப் பிடிச்ச ரெக்கார்டு அது. "தாயில்லாத பொண்ணு, கேட்டா கூசிப்போயிடும், விடு"ன்னு சொல்லிட்டு அன்னிக்கே கவரை மாத்தினார். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினார்.

நீ மட்டும்தான் பாவமா? பதினோரு வருஷம் அப்பா உன் பக்கத்துலயே இருந்தார். எனக்கு என்ன கிடைச்சுது? எந்தக் கவர்ல எது இருக்குன்னு என்கிட்ட மட்டும் சொன்னார், அவ்வளவுதான். அதை எடுத்துக்கிட்டது ஒரு குத்தமா?

தம்பி


மே 2

நான் கொடுத்தேனா? எந்தச் சிநேகிதிக்கு? பேரைச் சொல்லு. நான் என் வாழ்க்கையில முதல் தடவையா ஒரு ரெக்கார்டைக் கவர்ல இருந்து உருவினது போன மார்ச்சுலதான்.

எண்ணெய்க் கைன்னு அவர் சொன்னாரே, அது எண்ணெய்க்காகச் சொன்னது இல்லையா அப்ப? முப்பத்திரண்டு வருஷமா நான் என் கையை மோந்து மோந்து பார்த்திருக்கேன்டா. கல்யாணத்தன்னிக்குக் கூட எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சேன்.

அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எழுதியிருக்கே. தானாத் தெரிஞ்சுதா? வீட்டுல அப்ப மூணே பேர். அவர் கேட்கலை, என்னை யாரும் கேட்கவே இல்லை. அவர்கிட்ட சொன்னது யார்?

அக்கா


ஜூலை 11

அக்கா,

பத்து வாரமா எழுதி எழுதிக் கிழிச்சேன்.

நான்தான். அப்பா இல்லாத நேரத்துல எடுத்துப் போட்டேன். கேட்டுட்டு ஜன்னல் ஓரத்துல வச்சேன், தெருவுல விளையாடப் போயிட்டேன். வெயில்ல பழைய செருப்பு மாதிரி வளைஞ்சுபோச்சு. பேப்பர்ல சுத்தித் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில போட்டேன். சாயங்காலம் அப்பா கேட்டப்போ, "அக்கா யாருக்கோ கொடுத்துச்சு"ன்னு வாயில வந்துடுச்சு. உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார், நீ இல்லைன்னு சொல்லுவே, எனக்கு உதை விழும், முடிஞ்சிடும்னு நினைச்சேன். அவர் கேட்கவே இல்லை. நீ கூசிப்போவேன்னு அவர் பாவம் பார்த்ததுல நான் தப்பிச்சுட்டேன். எனக்குப் பதினாலு வயசுக்கா.

அப்புறம் ஒவ்வொரு வருஷமும் சொல்லலாம்னு இருப்பேன். நாள் ஆக ஆக வாய் வரலை. முதல் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கேன். பன்னிரண்டும் இருக்கு. எல்லாம் உனக்குத்தான். மன்னிச்சிடு.

தம்பி


ஆகஸ்ட் 6

தம்பிக்கு,

பெட்டி வந்துச்சு. நாலு நாள் உக்காந்து இருபத்திமூணையும் அதது கவர்ல போட்டேன். கை கழுவலை. சமையலை முடிச்ச கையோடயே செஞ்சேன். ஒண்ணும் ஆகலை.

முந்தாநாள் சந்தைக்குப் போனேன், வாங்கறதுக்கு. உள்ளே நுழையறப்போ ரெண்டு பேர் குசுகுசுன்னு பேசினாங்க, காதுல விழுந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு மேஜை மேஜையாப் போய் அந்த மஞ்சள் லேபிள் வயலினைத் தேடினேன். பெரிய தேடல் எல்லாம் ஒண்ணுமில்லை. மூணு மேஜையில கிடந்துச்சு, மூணாவது மேஜையில ரெண்டு. தரையில வச்சிருக்கற மலிவுப் பெட்டியில, யாரும் குனிஞ்சு கூடப் பார்க்காத இடத்துல. தொப்பிக்காரரோட மேஜைதான் அது. நானே உருவி, விளக்குல சாய்ச்சுக் கீறல் பார்த்து, லேபிளைப் படிச்சு வாங்கினேன். வீட்டுல போட்டுக் கேட்டேன். பாட்டு சுமார்தான். அம்மாவுக்குப் பிடிச்சதுங்கறதால முழுசாக் கேட்டேன்.

மன்னிச்சிடுன்னு எழுதியிருக்கே. எதை? சந்தையில என் மூஞ்சியில கரி பூசினதையா? அதை விட்டுடறேன். குப்பை போதும்னு நாடகம் ஆடினதையா? அதையும் விட்டுத் தொலைக்கறேன். பதினாலு வயசுல சொன்ன பொய்யையும் விட்டாச்சு, குழந்தை பயந்துடுச்சு, சரி.

ஆனா நாப்பது வயசுக்கு மேல நீ குழந்தையா? பதினோரு வருஷம், ஞாயித்துக்கிழமை தவறாம நீ அப்பாவுக்குப் போன் பண்ணினே. கடைசி ரெண்டு வருஷம் அவருக்குக் கை நடுங்கும், நான்தான் போனை அவர் காதுல வச்சுப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். உங்க ஊர்ல மழையா, இங்க வெயில், இதைத்தான் பேசினீங்க. ஏதாவது ஒரு ஞாயித்துக்கிழமை, "அது அக்கா இல்லப்பா, நான்"னு சொல்லியிருக்கலாமேடா. நாலு வார்த்தை. பக்கத்துல நின்ன எனக்கும் கேட்டிருக்கும். அவருக்குச் சோறு ஊட்டினேன், குளிப்பாட்டினேன், நகம் வெட்டினேன். ஒரு திருடி கையால சாப்பிடறோம்னு நினைச்சுக்கிட்டே சாப்பிட்டாரே அந்த மனுஷன். அவர்கிட்ட இனிமே எப்படிடா போய்ச் சொல்லுவேன்?

அவர்கிட்ட சொல்ல முடியாது. சந்தையில சொல்லலாம். செப்டம்பர் முதல் ஞாயிறு திரும்ப மேஜை போடறேன். நடத்தறவர் முடியவே முடியாதுன்னார். என் தம்பி நேர்ல வந்து நடந்ததைச் சொல்லுவான்னு சொன்னேன், அதுக்கப்புறம்தான் சம்மதிச்சார். நீ வா. தொப்பிக்காரர் முன்னாடியும், அந்த அம்மா வந்தா அவங்க முன்னாடியும் நின்னு, கவர் மாறினது எதனால, ரெக்கார்டு போனது யாரால, எல்லாத்தையும் உன் வாயால சொல்லு. உன் வேலை, உன் சளி, எனக்கு எதுவும் தெரிய வேண்டாம். அதுவரைக்கும் கடுதாசி போடாதே, பிரிக்க மாட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலமே வந்துடு, விடிஞ்சு அலைஞ்சுக்கிட்டு வராதே. மாமாவோட ரூம்ல படுத்துக்கோ. சாப்பாடு போடுவேன். பேச மாட்டேன்.

அக்கா